கடைசி வேளை மருந்து

டாக்டர் ராயம்மாளுக்கு மருத்துவ மாணவர்களைக் கண்டால் ஆகாது. செஞ்சி ஆஸ்பத்திரிப் பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து, புதிதாகப் பட்டம் வாங்கிச் சுற்றுவட்டாரத்தில் பலகை மாட்டுகிறவர்கள் கெடுத்து அனுப்பும் உடம்புகளைச் சரிசெய்வதே அவருடைய பாதி வேலையாக இருந்தது. பனமலையிலிருந்து ஒரு கைக்குழந்தை வந்தது. இருமலுக்கென்று கொடுத்த அபின் கலந்த மருந்தில் அது கண்ணையே திறக்கவில்லை. சீயமங்கலத்துக் குடியானவன் ஒருவன் சீதபேதிக்கு ஊசி போட்டுக்கொண்டு, போட்ட இடத்தைத் தேய்த்தபடியே எழுந்து நின்றான். நின்ற இடத்திலேயே இதயம் நின்று விழுந்தான். ஊசி என்னவோ சரியான ஊசிதான். எத்தனை போடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத்தான் போட்டவர் படித்திருக்கவில்லை.

"கொலைகாரனுக்காவது யாரக் கொல்லறோம்னு தெரியும். இவனுங்களுக்கு அதுகூடத் தெரியாது" என்பார் ராயம்மாள். யார் எதிரில் இருந்தாலும் சொல்வார். அதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கில் அந்த மாணவர்களே அவரிடம் பரீட்சை எழுத வந்தார்கள். மருத்துவப் பள்ளியின் வார்டுகளைப் பட்டாளத்துக்காரர்களுக்கு எடுத்துக்கொண்டுவிட்டதால், கடைசி வருஷப் பரீட்சையில் மருந்து எழுதும் பகுதியை மட்டும் தாலுகா ஆஸ்பத்திரிகளில் நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. பள்ளியிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். அந்தந்த ஊர் டாக்டர் இரண்டாவது பரீட்சகர். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் தேர்ச்சி. ராயம்மாள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். கேள்வித்தாள் கிடையாது, உயிரோடு இருக்கிற நோயாளிகளைப் பார்த்துத்தான் மருந்து எழுத வேண்டும். பள்ளி ஒப்புக்கொண்டது. நிபந்தனையை அங்கே யாரும் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

செஞ்சிக்கு வந்தவர்கள் மூன்று மாணவர்கள். பெட்ரோல் இல்லாத காலம். கரி எரித்து ஓடும் பஸ் திண்டிவனத்திலிருந்து அரைநாள் முக்கி முனகி வந்து சேர்ந்தபோது மூவருக்கும் மூக்கு நுனி கருத்திருந்தது. பேராசிரியர் இராமச்சந்திரன் மட்டும் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததால் வெள்ளையாகவே இறங்கினார். மாணவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்கிற மருந்துக் கலவைப் புத்தகத்தைத் தொகுத்தவர் அவர். தன் புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், கோயிலுக்குள் பேசுவதுபோல.

மூவரில் ஜெயராமன் என்பவன்தான் பேராசிரியரின் செல்லப்பிள்ளை. புத்தகத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பான். இறங்கியதும் ராஜகிரி மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தான்.

"மேலே ஏறிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும், மேடம்?"

"ஏற ஒரு மணி நேரம் ஆவும். விழுந்தா ஒடனே வந்துடலாம்" என்றார் ராயம்மாள்.

மறுநாள் காலையில் பரீட்சை. அதற்கு முன்பே, ஆஸ்பத்திரி திறந்ததும் ஜாஹிதா பேகம் புருஷனோடு வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் சைபுதீன் சந்தை சந்தையாகப் புடவை விற்கிறவர். பெரும்பாலும் அவலூர்பேட்டைச் சந்தைதான். ஜாஹிதாவுக்குப் பிள்ளை பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. உடம்பு தேறவில்லை, தூக்கம் இல்லை. கம்பவுண்டர் மதலைமுத்து உள்ளே ஒரு தட்டைக் கீழே போட்டார். அந்தச் சத்தத்துக்கு ஜாஹிதா உட்கார்ந்த இடத்திலேயே ஒரு முழம் துள்ளினாள். ராயம்மாள் அதைக் கவனித்தார்.

"கழுத்த ஆட்டு பாக்கலாம்."

"இறுக்கமா இருக்குது டாக்டரம்மா. நேத்துலேர்ந்து."

"இன்னா மருந்து சாப்பிடுற?"

ஜாஹிதா பைக்குள்ளிருந்து ஒரு சீசாவை எடுத்தாள். "அவலூர்பேட்டைல புதுசா வந்திருக்காரே, தனகோட்டி டாக்டரு, அவரு குடுத்தது. இவுங்கதான் போயி வாங்கியாந்தாங்க."

"நீ போவலியா?"

"நான் எதுக்கு வரணும்னு டாக்டரு கேட்டாராம். எனக்கு இன்னா பண்ணுதுன்னு இவுங்களே சொன்னாங்களாம். நல்லாத்தான் இருந்திச்சி, தண்ணியாட்டம். நேத்து கடைசி வேளைல ஒரு துளி வாயில வெச்சேன். யா அல்லா! எட்டிக்காய மென்னாப்பல ஒரு கசப்பு. நாக்கு இழுத்துக்கிச்சி. துப்பிட்டேன். மிச்சம் அப்படியே இருக்குது."

"துப்புனியே, நீ கெட்டிக்காரி" என்றார் ராயம்மாள்.

சீசாவின் பக்கவாட்டில், ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருந்தது. கடைசிப் பல்லுக்குக் கீழே மட்டும் மருந்து மிச்சம். ராயம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். அடியில் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகங்கள்.

அது என்னவென்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் சத்தைத் துளியளவு கொடுத்தால் தளர்ந்த நரம்புக்குத் தெம்பு வரும் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் எழுதுவார்கள். தூக்கத்துக்குப் புரோமைடு உப்பு எழுதுவார்கள். இரண்டும் தனித்தனியே பழக்கமான மருந்துகள்தான். ஒரே சீசாவில் சேர்த்தால், கலக்கும்போது தெளிவாக இருக்கும். பிறகு எட்டியின் விஷம் மெல்ல மெல்லப் படிகமாகி அடியில் இறங்கிவிடும். முதல் வேளைகளில் குடிக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சீசாவின் மொத்த விஷமும் கடைசி வேளைக்காகக் காத்திருக்கும். அதைக் குடித்தவர் வில்லாக வளைந்து, நினைவு தப்பாமலே சாவார்.

ஜாஹிதாவை வெளிச்சமும் சத்தமும் படாத ஓர் அறையில் படுக்க வைத்தார் ராயம்மாள். சீசாவை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு கட்டிலருகே போய்ச் சொன்னார்:

"பரீச்ச எழுத பசங்க வர்றானுங்க. ஒருத்தன் உன்னப் பாப்பான். அவன் கேட்டா இதெல்லாம் சொல்லு. கேக்காததப் போயி நீயா சொல்லாத. அவன் எத எழுதினாலும் நான் உனக்குக் குடுக்கமாட்டேன், பயப்படாத."

"அவுரு கேக்கலேன்னா?"

"கேக்கலேன்னா அவன் இன்னொரு வருஷம் படிக்கட்டும்."

பரீட்சை தொடங்கியது. முதலில் தோமினிக். ஒல்லியான பையன், பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுவான். சிங்கவரத்திலிருந்து குளிர்சுரத்தோடு வந்த கல்தச்சர் ஒருவரை அவனுக்குக் கொடுத்தார்கள். மனிதர் கட்டில் ஆட நடுங்கிக்கொண்டிருந்தார். தோமினிக் நெடுநேரம் யோசித்து, சோடா உப்பும் புதினாத் தண்ணீரும் கலந்த மருந்தை எழுதினான்.

"எதுக்கு இது?" என்று கேட்டார் ராயம்மாள்.

"இதுனால ஒண்ணும் கெடுதல் வராது, மேடம்."

"கெடுதலும் வராது, நல்லதும் வராது. அவருக்கு மலேரியா. கொயினா எழுத ஏன் பயந்த?"

"அளவு தப்பாயிட்டா..."

"நீ யாரையும் கொல்லமாட்டப்பா. நீ பக்கத்துல நின்னு பாத்துக்கினே இருப்ப, அவுங்களா செத்துடுவாங்க. போ."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். பாதி மதிப்பெண் போடலாம் என்றார். ராயம்மாள் பூஜ்யம் போட்டார்.

அடுத்து நசுருதீன். சுரத்தோடு இருந்த ஒரு சிறுமியைப் பார்த்து, மலேரியா என்று சரியாகவே கண்டுபிடித்தான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எழுதியிருந்த அளவு ஓர் ஏர் உழுகிறவனுக்குச் சரியாக இருக்கும்.

"இந்தப் பொண்ணு எவ்ளோ எடை?" என்றார் ராயம்மாள்.

நசுருதீன் சிறுமியைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். காது சிவந்தது. யாரும் சொல்லாமலே தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டான். "தராசு எங்க இருக்குது?" என்று கேட்டான். சிறுமியைத் தானே தூக்கிக்கொண்டு போய் நிறுத்தான். தாயிடம் இதற்குமுன் என்ன கொடுத்தாள், பிள்ளை வாந்தி எடுத்தாளா என்றெல்லாம் கேட்டான். இரண்டாவது முறை எழுதியது சரியாக இருந்தது.

"மொதல்ல எழுதுனதக் குடுத்திருந்தா இதுக்கு ரெண்டு காதும் போயிருக்கும், உசுரும் போயிருக்கும்" என்றார் ராயம்மாள். "ஆனா உனக்கு வெக்கப்படத் தெரியுது. அதுக்குப் பாஸ்."

ஜெயராமனை அழைத்தார்கள். அவன் இருட்டறைக்குள் போனதும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தான். வெளிச்சம் பட்டதும் ஜாஹிதா திடுக்கிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவன் சைபுதீன் பக்கம் திரும்பினான்.

"என்ன தொந்தரவு இவங்களுக்கு?"

"தூக்கமில்லீங்க. புள்ள பொறந்ததுலேர்ந்து பலகீனம். சின்னச் சத்தத்துக்கெல்லாம் பயந்துக்கிது."

"நரம்புத் தளர்ச்சி" என்றான் ஜெயராமன், இன்னும் நாடியைத் தொடாமலே.

ஜாஹிதா முக்காட்டுக்குள்ளிருந்து, "அந்த மருந்து..." என்று தொடங்கினாள். கேட்காததைச் சொல்லக் கூடாது என்று ராயம்மாள் சொன்னதையும் மீறித்தான் தொடங்கினாள். உயிர் அவளுடையது அல்லவா.

"மருந்து நான் தர்றேம்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு ஜெயராமன் எழுத உட்கார்ந்தான்.

லத்தீனில் எழுதினான். அடியில் இரண்டு கோடு போட்டான். எட்டிச் சத்து இவ்வளவு, புரோமைடு உப்பு இவ்வளவு, ஆரஞ்சுத்தோல் பாகு மணத்துக்கு. பேராசிரியர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா மிஸ் ராயம்மாள்? தளர்ச்சிக்கு ஒண்ணு, தூக்கத்துக்கு ஒண்ணு. என் புத்தகத்துல இருக்கிற கலவை அப்படியே. ஒரு புள்ளி மாறல. முழு மதிப்பெண்."

"பூஜ்யம்" என்றார் ராயம்மாள்.

"எந்த அடிப்படையில? ரெண்டு மருந்தும் அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு."

"மொத வேளைக்கு இருக்குது சார். கடைசி வேளைக்கு?"

பேராசிரியரின் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. "அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். நடைமுறையில வராது" என்றார்.

ராயம்மாள் எல்லோரையும் தன் அறைக்கு அழைத்துப் போனார். இழுப்பறையைத் திறந்து சீசாவை மேசைமேல் வைத்தார்.

"இது அந்தப் பொண்ணு கொண்டாந்தது. உங்க பள்ளிக்கூடத்துல படிச்சவரு, உங்க புத்தகத்தப் பாத்து, அவ மூஞ்சியக்கூடப் பாக்காம எழுதுனது. இப்ப ஜெயராமன் எழுதுனதும் இதேதான். இது ஏற்கெனவே அவ ஒடம்புல இன்னா பண்ணுதுன்னுதான் அவ சொல்ல வந்தா. நீ அவ வாய அடச்சிட்ட." அவர் ஜெயராமனைப் பார்த்தார். "கடைசி வேளை மிச்சம் இருக்குது. இது யாருக்குப்பா? நீ குடிப்பியா?"

அவர் கேட்டது அவனைக் கூசவைக்க. சீசாவை எடுத்து அடியைப் பார்ப்பான், படிகத்தைப் பார்ப்பான், உடைந்துபோவான் என்று நினைத்தார். மாணவர்களை எவ்வளவு மட்டமாக நினைத்திருந்தாரோ, அதற்கும் கீழே ஒரு படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"தாராளமா" என்றான் ஜெயராமன். "அனுமதிச்ச அளவுதானே, மேடம்?" சீசாவை எடுத்தான், அடியைப் பார்க்கவில்லை. மற்ற இருவரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று மட்டும் பார்த்தான். தக்கையைப் பல்லால் கடித்து இழுத்தான். குலுக்கினான். அண்ணாந்தான்.

ராயம்மாள் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து ஓடி வருவதற்குள் சீசா அவன் உதட்டுக்குப் போய்விட்டது.

பேராசிரியர் இராமச்சந்திரன் அவன் கையில் ஓங்கி அடித்தார். அந்த மெல்லிய உடம்பில் அவ்வளவு வேகம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். சீசா சுவரில் மோதித் தூளானது. தரையில் ஈரமும் கண்ணாடியும் வெள்ளை ஊசிகளும் சிதறிக் கிடந்தன. எது கண்ணாடி, எது விஷம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரு பையனைத் தன் வாயாலேயே சாகடித்திருப்போம் என்று நினைக்கையில் ராயம்மாளுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. அது நெடுநேரம் நிலைக்கவில்லை. பேராசிரியரின் முகத்தைப் பார்த்ததும் அந்த அருவருப்பு முழுவதும் அங்கே இடம் மாறிவிட்டது.

"பசங்களா, வெளிய போங்க" என்றார்.

கதவு சாத்தியதும் சொன்னார்: "உங்களுக்கு இது முன்னாடியே தெரியும்."

பேராசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "போன வருஷம் ஒருத்தர் சுட்டிக்காட்டினார். அடுத்த பதிப்புல எடுத்துடறதா இருக்கோம். காகிதம் கிடைக்கல, மிஸ் ராயம்மாள். யுத்த காலம். உங்களுக்குத் தெரியாததா?"

"காகிதம் கெடைக்கல."

"ஆமாம்."

"வகுப்புல வாயால சொல்றதுக்குக் காகிதம் வேணுமா சார்?"

"ஒரு புத்தகத்துல தப்பு இருக்குன்னு அதைத் தொகுத்தவனே வகுப்புல நின்னு சொன்னா, மிச்சப் பக்கத்தை எவன் நம்புவான்? நிதானமா யோசிச்சுப் பாருங்க." பேராசிரியர் உண்மையாகவே ராயம்மாளைச் சமாதானம் செய்கிற குரலில் பேசினார். "ஜெயராமனுக்குப் பட்டாளத்துல வேலை காத்திருக்கு. ஒரு கையெழுத்து. இங்க நடந்தது இங்கயே இருக்கட்டும். சீசா கை தவறி விழுந்திடுச்சு."

ராயம்மாள் பேனாவை எடுத்தார். நசுருதீனின் தாளில் கையெழுத்துப் போட்டார். மற்ற இரண்டு தாள்களையும் அவர் பக்கம் தள்ளினார்.

"பஸ் மூணு மணிக்கு" என்றார். "இந்தத் தடவ பசங்களோட பின்னால ஒக்காந்து போங்க. மூஞ்சிக்குக் கொஞ்சம் கரி வேணும்."

மறுநாள் காலையில் ராயம்மாள் அவலூர்பேட்டைக்குப் போனார். டாக்டர் தனகோட்டியின் மருந்தகம் கடைத்தெருவில் இருந்தது. வாசலில் கூட்டம். உள்ளே மரப்பலகைமேல் குடம் அளவுக்கு ஒரு கண்ணாடி ஜாடி. அந்தக் கலவையை மொத்தமாகக் கலக்கி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜாடியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை படிந்து கிடந்தது.

"யாரும்மா நீங்க? வரிசையில வாங்க" என்றார் தனகோட்டி.

ராயம்மாள் தான் யார் என்று சொன்னார். ஜாடியைக் காட்டினார். விளக்கினார். தனகோட்டி சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இது இராமச்சந்திரன் சார் ஃபார்முலா. உங்க காலத்துல இந்தப் புத்தகமெல்லாம் இருந்திருக்காது. அடியில இருக்கறது வெறும் சர்க்கரை."

"இன்னிக்கி இதுலேர்ந்து கடைசியா யாருக்கு ஊத்துவீங்க?"

"வர்றவங்களுக்கு."

அதற்குமேல் ராயம்மாளால் பொறுக்க முடியவில்லை. ஜாடியை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கி, வாசலுக்குக் கொண்டுபோய், சாக்கடையில் கவிழ்த்தார். காத்திருந்த ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தனகோட்டி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"உங்க மேல கம்ப்ளெயின்ட் பண்ணுவேன்!"

"பண்ணு. எழுத்துப் பிழ இல்லாம எழுது. அதாவது வருதா பாப்போம்."

கூட்டத்தைப் பார்த்து, வீட்டில் இந்த மருந்து இருப்பவர்கள் அதைக் குடிக்காமல் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று உரக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பஸ் பாதிவழி போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த ஜாடியைச் சென்னைக்கு அனுப்பிச் சோதித்திருந்தால் அதுவே சாட்சி. ஒரு சாட்சியைப் பேராசிரியர் உடைத்தார். மற்றதைத் தானே சாக்கடையில் ஊற்றிவிட்டோம். தனகோட்டியைத் திட்டிய வார்த்தைகளையெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு செஞ்சி வந்து சேர்ந்தார். அடுத்த நாட்களிலும் வீட்டிலிருந்த மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் ஒருவரும் இல்லை. சண்டை போட்ட டாக்டரம்மாவைப் பார்த்து எல்லோரும் பயந்துபோய், வீட்டிலேயே கொட்டிவிட்டார்களாம்.

ஜாஹிதா சில நாளில் தேறினாள். கழுத்து இளகியது. சத்தத்துக்குத் துள்ளுவது நின்றது. தூக்கம் மட்டும் முழுதாக வரவில்லை, பிள்ளை விடவில்லை. "அதுக்கு மருந்து கெடையாது. உன் மாமியாரண்ட ஒரு வேள புள்ளயக் குடு" என்று சொல்லி அனுப்பினார் ராயம்மாள்.

தனகோட்டி சொன்னபடியே புகார் கொடுத்தார். அடுத்த மாதம் ஜில்லாப் பெரிய டாக்டர் செஞ்சிக்கு வந்து, அதிகாரிகள் தங்கும் முசாபரி பங்களாவில் விசாரணை வைத்தார். வயதான மனிதர், காது கொஞ்சம் மந்தம், ஓய்வு பெறுவதற்குள் யாரோடும் வம்பு வேண்டாம் என்று நினைக்கிறவர். பேராசிரியரும் மூன்று மாணவர்களும் வரவழைக்கப்பட்டிருந்தார்கள்.

பேராசிரியர் நிதானமாகச் சொன்னார்: கலவை பல வருஷமாகப் பயன்பாட்டில் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. அந்த அம்மாள் உணர்ச்சிவசப்பட்டு மாணவனை மிரட்டினார். பையன் பயத்தில் கை நடுங்கி, சீசாவைக் கீழே போட்டுவிட்டான்.

தோமினிக்கைக் கேட்டார்கள். பேராசிரியர் சொன்னதே சரி என்று பெரிய டாக்டரின் கோட்டுப் பொத்தானிடம் சொன்னான். நசுருதீனைக் கேட்டார்கள். அவன் ராயம்மாளை ஒரு கணம் பார்த்தான். தேர்ச்சிப் பட்டியல் இன்னும் பேராசிரியர் கையில்தான் இருந்தது.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லீங்க சார்" என்றான்.

ராயம்மாளுக்கு மற்றவர்கள்மேல் வந்த கோபத்தைவிட அவன்மேல்தான் அதிகம் வந்தது. மூவரில் ஒருவனையாவது மனிதன் என்று நினைத்ததற்கு இது கூலி என்று பட்டது. சாட்சியும் இல்லை, சாட்சி சொல்ல ஆளும் இல்லை. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடித்துவிடலாம் என்கிற துடைப்பு.

"நீ என்னப்பா சொல்றே?" என்று ஒப்புக்கு ஜெயராமனைக் கேட்டார்.

ஜெயராமன் எழுந்தான். முகம் சிவந்திருந்தது. அவனைச் செல்லப்பிள்ளையாக வைத்திருந்த பேராசிரியரே, எல்லோர் முன்னாலும், அவன் பயந்து நடுங்கினான் என்று சொல்லிவிட்டார். அதுதான் அவன் காதில் விழுந்திருந்தது. மற்றது எதுவும் விழவில்லை.

"என் கை நடுங்கல சார்" என்றான். "நான் எதுக்கும் பயப்படல. குடிக்கத்தான் போனேன். உதடு வரைக்கும் கொண்டுபோயிட்டேன். சார்தான் கையில அடிச்சாரு. அடிக்காம இருந்திருந்தா ஒரே மடக்குல குடிச்சு, மேடம் சொல்றது பொய்யின்னு நிரூபிச்சிருப்பேன்."

பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அவன் சொல்றது நிஜமா? நீங்க அடிச்சீங்களா?"

பேராசிரியர் கைக்குட்டையைத் தேடினார்.

"குறையே இல்லாத மருந்துன்னு இப்பதான் சொன்னீங்க. ஒரு வேளை குடிக்கப் போனவனை ஏன் அடிச்சீங்க?"

பேராசிரியர் ஜெயராமனைப் பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்கு விளங்கவில்லை. தன் தைரியத்தை எல்லோரும் மெச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"கடைசி வேளை..." என்றார் பேராசிரியர். அதற்குமேல் சொல்லவில்லை. பெரிய டாக்டருக்குக் காது மந்தம்தான். அது மட்டும் கேட்டுவிட்டது.

அன்று மாலையே தந்தி போயிற்று. பள்ளியின் புத்தகத்திலிருந்து அந்தக் கலவையை நீக்க வேண்டும், படித்து முடித்துப் போனவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு. காகிதம் எங்கிருந்தோ கிடைத்தது. அடுத்தவர் மருந்தகத்தில் புகுந்து மருந்தைக் கொட்டியதற்காக ராயம்மாளுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அவரை இனிப் பரீட்சகராக அழைக்கப் போவதில்லை என்றும் சொன்னார்கள். பேராசிரியர் கொஞ்சநாள் விடுப்பில் இருந்துவிட்டு, புத்தகத்தைத் திருத்தும் குழுவுக்கே தலைவராகத் திரும்பி வந்தார். பட்டாளத்தில் சேருகிறவர்களுக்கு மருந்து எழுதும் பரீட்சையே தேவையில்லை என்று இன்னோர் உத்தரவு வந்ததால் ஜெயராமனுக்குப் பட்டமும் கிடைத்தது.

ஆனால் அவை எல்லாம் பிற்பாடு நடந்தவை. விசாரணை முடிந்த அன்று, உடைந்த சீசாவும் கவிழ்த்த ஜாடியும் மற்ற இரண்டு பையன்களும் சொல்லாததை ஒரு முட்டாளின் வீம்பு சொல்லிக் காப்பாற்றியது என்பதை ராயம்மாளால் ஜீரணிக்க முடியவில்லை. ஜெயித்த சந்தோஷம்கூட வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பங்களாப் படியிறங்கினார். நசுருதீன் ஏதோ சொல்வதற்காக அருகில் வந்தான். அவர் நிற்கவில்லை.

வாசலில் ஜெயராமன் வழிமறித்தான். சிரித்த முகம்.

"மேடம், மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க. பட்டாளத்துக்கு இந்தப் பரீட்சை தேவையில்லைன்னு உத்தரவு வரப்போகுதாம், அடுத்த மாசம் எனக்குப் போஸ்டிங். பர்மா பக்கம் போடுவாங்களாம்." கையை நீட்டினான்.

ராயம்மாள் அந்தக் கையைப் பார்த்தார். குடையை விரித்தார்.

"போயிட்டு வா" என்றார். "அங்க நம்ம ஆளுங்களுக்கு எதுவும் எழுதாத. ஜப்பான்காரன் எவனாவது சிக்குனா, அவனுக்கு எழுதிக் குடு. சண்ட சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, சல்யூட் அடித்தான்.